நாலு பேர் தோளில் கொடைக்கானல்

கனடாவிலிருந்து வரும் நண்பர்கள் கொடைக்கானலுக்கு மேலே ஒரு தோட்ட வீட்டில் தங்கப் போகிறார்கள். திருவிடந்தையில் இருக்கிற என்னிடம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "வாசல் வரைக்கும் கார் போகுமாடா?"

ரொம்பப் பழைய கவலை இது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து மலையில் இடம் தேடினார்கள். முதலில் சிறுமலை, காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. 1845-ல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். வீடு கட்டியாச்சு, போவது எப்படி? 1875-ல் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டுவண்டி. விடிந்தால் அடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதை. தெம்பிருந்தால் நடக்கலாம், குதிரையில் போகலாம். முடியாதவர்களை மூங்கிலில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிப் போனார்கள். மலைவாசஸ்தலம் என்ற ஏற்பாடே அந்தத் தோள்களை நம்பித்தான் நடந்தது.

பங்களாக்களின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தூக்கியவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் படித்ததில்லை. பாதைக்கு மட்டும் 'கூலி காட்' என்று பெயர் நின்றுவிட்டது. 1910-களில் மோட்டார் ரோடு மலையேறியதும் அந்தக் கூலியும் போய்விட்டது.