நிறைகோலும் நினைவகமும்

தாப்பாவிலிருந்து மலையேறுவோரை முதலில் வரவேற்கும் ஊர் ரிங்லெட். அதனை அடுத்துள்ள போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தோன்றியது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தின் எடையோடு கூலியும் பிணைந்திருந்தது. ஆதலின் நிறைகோல் பிழைபட்டால் ஒரு குடும்பத்தின் உலையும் பிழைபடும். சிறிய படிக்கல்லுக்கு நேர்நிற்கும் கோல், நிறைந்த கூடையை விரைந்து ஏற்றுங்கால் தடுமாறவும் கூடும். சோதனை எத்தகையதோ அத்தகையதே அது தரும் உறுதி. கணிப்பொறியின் வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது.

1970இல் இண்டெல் நிறுவனம் 1103 என்னும் நினைவகச் சில்லினை வெளியிட்டது. அது 1,024 இருமக் குறிகளைத் தாங்கவல்லது. ஒவ்வொரு குறியும் மிக நுண்ணிய மின்னூட்டமே. அது கசிந்தால் குறி மாறிவிடும். ஒரு குறிதானே என எண்ணுதல் தவறு. 70 என்பதை இரும முறையில் 1000110 என எழுதுவர். முதற்குறி மட்டும் 0 ஆயின் எஞ்சுவது 6. மாணவன் ஒருவன் உழைத்துப் பெற்ற மதிப்பெண் இவ்வாறு மாறின் அவன் நிலை யாதாகும்?

சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் தொழில் நம் நாட்டிலும் வேரூன்றியது. 1972இல் இண்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் பினாங்கில் ஆலைகளைத் தொடங்கின. பயன்படுத்துவோரே நினைவகத்தைச் சோதிக்கும் வழியும் பின்னர்ப் பிறந்தது. 1994இல் கிறிஸ் பிரேடி என்பார் மெம்டெஸ்ட்86 என்னும் நிரலை ஆக்கினார். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் பலவகைக் கோலங்களை எழுதி, மீண்டும் படித்து ஒப்பிடுவதே அதன் பணி.

எனினும் 2001இல் ஒரு புதிர் எழுந்தது. ஏ.எம்.டி.யின் ஆத்லன் நுண்செயலிக்கென்றே லினக்ஸ் இயங்குதளத்தில் சிறப்பு நிரற்பகுதி ஒன்று அமைந்திருந்தது. அது நினைவகப் பக்கங்களைப் பெருவிரைவில் படியெடுக்கும். அதனை இயக்கியபோது சில கணிப்பொறிகள் நிலைகுலைந்தன. பொதுவான நிரலை இட்டபோதோ அவையே அமைதியாக இயங்கின. எனவே பழி முதலில் நிரலின்மீது விழுந்தது. ஆராய்ந்தபோது, குறை அக்கணிப்பொறிகளின் தாய்ப்பலகையிலிருந்த வயா நிறுவனத்தின் கேடி133ஏ என்னும் துணைச் சில்லின் அமைப்பில் இருந்தமை புலனாயிற்று. அதன் ஓர் அமைப்புக் குறியை மாற்றியதும் பிழை நீங்கிற்று. விரைவு குறையைப் படைக்கவில்லை. மறைந்திருந்த குறையை வெளிப்படுத்தியது.

ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்த்தற்குரிய செய்தி இது. எளிய வினாக்களால் மட்டும் அளந்து ஒருவனைத் தேர்ந்தவன் என்பதும், கடுமை கூடியபோது தடுமாறியவனையே குற்றவாளி என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். கோலைச் சோதிப்போர் நிறைந்த கூடையை வைத்துச் சோதிக்கட்டும். தவறு கண்டவிடத்து, பழிக்குமுன் கோலையும் ஒருமுறை நோக்கட்டும்.