குழியாடியின் நடுவே ஒரு கரும்பொட்டு

மலேசிய நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிற்று. வண்ண ஒளிபரப்பு 1978இல் வந்தது. அதற்கு முன்னர் பேராக் தோட்டப்புறத் தமிழர்க்குப் படக்காட்சி என்பது திடலில் கட்டிய வெண்துணியும் அதன்மேல் விழுந்த ஒளிக்கற்றையுமே. பிம்பத்தை எறிந்து பெரிதாக்கும் அவ்வுத்தியைத் தொலைக்காட்சிக்குள்ளும் புகுத்தியதே படவீச்சுத் தொலைக்காட்சி எனலாம்.

பெரிய படக்குழாய் செய்வது அக்காலத்தில் அரிது. ஆகவே சிறு குழாயொன்றை மிகு மின்னழுத்தத்தால் ஒளிரச் செய்து, அப்படத்தைத் திரையில் வீசினர். சாதாரண வில்லைகளோ ஒளியின் பெரும்பகுதியை வீணாக்கின. இடர் தீர்த்தது வானியல். எஸ்தோனியத் தீவொன்றில் பிறந்து, இளமையில் வெடிவிபத்தில் வலக்கையை இழந்த பெர்ன்ஹார்ட் ஷ்மிட், 1930இல் விண்மீன்களைப் படம்பிடிக்க ஒரு கருவி அமைத்தார்: ஒரு குழியாடி, அதன் பிழையைத் திருத்தும் மெல்லிய கண்ணாடித் தகடு. அம்முறையையே தலைகீழாக்கி, உள்வாங்குவதற்கு மாறாக வெளியே வீசுமாறு செய்தனர் தொலைக்காட்சிப் பொறியாளர். 1947இல் ஆர்.சி.ஏ. நிறுவனமும் சற்றுப் பின்னர் பிலிப்ஸ் நிறுவனமும் இவ்வாறே பெட்டிகளை விற்றன. பிலிப்ஸ் குழாயின் முகம் ஆறு சென்டிமீட்டரை ஒட்டியது. அதற்கு ஊட்டிய அழுத்தமோ 25,000 வோல்ட்!

அத்தகைய பழம்பெட்டி ஒன்று ஜெலாப்பாங் பட்டறைக்கு வந்து சேருமாயின், திறந்தவர் திகைப்பது திண்ணம். ஆடியின் நடுவே வட்டமாய் ஒரு கரும்பொட்டு இருக்கும். அழுக்கென்றெண்ணித் தேய்த்தால் கெட்டது குடி! ஆடியின் நடுப்பகுதி ஒளியைக் குழாயின் முகத்துக்கே திருப்பி அனுப்பிப் படத்தை வெளுக்கச் செய்யும் என்பதனால், வேண்டுமென்றே இடப்பட்ட மறைப்பு அது. ஆடியின் பூச்சும் முன்புறத்தில் உள்ளது. துணி பட்டாலே கீறும். திருத்தத் தகடு நடுவில் சற்றே மேடும் ஓரத்தை நோக்கிச் சற்றே பள்ளமுமாக நெளிந்திருக்கும். அது வார்ப்புப் பிழையன்று. அந்நெளிவே அதன் தொழில். சமதளக் கண்ணாடியை மாற்றிப் பொருத்தினால் படம் மங்கும். முத்திரையிட்ட தகரக் குடுவைக்குள் எண்ணெயில் மூழ்கியிருப்பது உயர் அழுத்தப் பகுதி. மின்னைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கும்.

பின்னாளில், 1972ஆம் ஆண்டளவில், ஹென்றி கிளாஸ் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குழாய்கள் கொண்ட பெட்டியை இல்லங்களுக்கென வெளியிட்டார். அதன் வழித்தோன்றல்களில் குழாய்க்கும் வில்லைக்கும் இடையே ஒரு திரவம் இருக்கும். தண்ணீர் புகுந்துவிட்டது என அதனை வடித்துவிடுதல் ஆகாது. குழாயின் வெப்பத்தைத் தணிக்கும் கரைசல் அது. நாட்பட்டால் கலங்கும், கசிந்து கீழுள்ள பலகையையும் அரிக்கும்.

வெண்கோடு மூவண்ணக் கோடுகளாய்ப் பிரிந்து வளைந்தால், பலர் குழாய்மீதே பழி போடுவர். பெரும்பாலும் குற்றவாளி, வெப்பத்தகட்டில் திருகப்பட்ட எஸ்.டி.கே. வகை ஐ.சி.யும் அதனருகே எரிந்துபோன சிறு மின்தடைகளுமே. அவற்றை மாற்றியபின் பச்சையை முதலில் நேராக்கி, அதன்மேல் சிவப்பையும் நீலத்தையும் பொருத்துவர்.

இத்தனையும் சரிசெய்த பின்னும் ஏரியலில் இணைத்தால் திரையில் வெண்புள்ளி மழையே பொழியும். அதற்காகப் பெட்டியை மீண்டும் கழற்ற வேண்டுவதில்லை. 2019 அக்டோபரில் இந்நாட்டின் பழைய அலைவரிசை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. இலக்கமுறை அலையை மாற்றித்தரும் சிறு பெட்டி ஒன்றே அதற்குத் தேவை.