பனியாற்றுக்கு யார் கோடு போட்டது?

திருவேற்காட்டுல இருந்து பரங்கிமலை ரொம்ப தூரமில்ல. 1802-ல் வில்லியம் லாம்டன் அந்த மலைப் பக்கத்துல சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரு அடிக்கோடு அளந்தார். அங்க தொடங்கின நில அளவைதான் பிறகு இமயமலை வரைக்கும் போய் எவரெஸ்ட்டோட உயரத்தைக் கணக்கிட்டது.

ஆனா சிகரம் நின்ன இடத்துல நிக்கும். பனியாறு அப்படியில்ல. நகரும், உருகும், அதோட முகப்பு இடம் மாறிக்கிட்டே இருக்கும். அதனால ஒருமுறை அளந்தா போதாது, திரும்பத் திரும்பப் போகணும். 1906-ல் ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியா ஆட்கள் குமாவுன் மலையில இருக்கிற பிண்டாரி பனியாற்றின் முகப்பை அளந்தாங்க. கங்கோத்ரி பனியாற்றின் முகப்பை, அதாவது கோமுக்கை, 1935-ல் ஜே. பி. ஆடன் வரைபடமாக்கினார்.

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். முதல் லாக் பதிவாகலன்னா, சிக்கல் எப்ப ஆரம்பிச்சது, எவ்வளவு வேகத்துல வளருதுன்னு சொல்லவே முடியாது. ஆடனோட வரைபடம்தான் கங்கோத்ரிக்கு அந்த முதல் லாக். பின்னாடி போனவங்க அதோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 1935-ல இருந்து 1996 வரைக்கும் வருஷத்துக்குச் சராசரியா சுமார் 19 மீட்டர் பின்வாங்கியிருந்தது. பனி விலகின இடத்துல பாறைக் குவியலும் மணலும்தான் மிச்சம்.

முகப்பு நகர்றதை இப்போ சாட்டிலைட் காட்டிடும். ஆனா பனி எவ்வளவு மெலியுதுன்னு சரியா தெரியணும்னா, இன்னமும் மேல ஏறி, பனியில கம்பு நட்டு, வருஷா வருஷம் அளக்கணும். இமாச்சல்ல சோட்டா ஷிக்ரி பனியாற்றுல 2002-ல இருந்து இதைச் செய்றாங்க. இந்திய இமயமலையில இருக்கிற பனியாறுகள் மொத்தம் 9,575. இப்படிக் கம்பு நட்டு அளக்கிறது அதுல வெகு சிலதைத்தான்.