மஞ்சள் ஜெயித்த வழக்கு

அரிவாள் பட்டு ரத்தம் வந்தால் எங்க ஈரோட்டுப் பக்கம் முதல்ல மஞ்சள் தூளைத்தான் வெச்சு அமுக்குவாங்க. அதுக்கு யாரிடமும் அனுமதி வாங்கினதில்லை. ஆனா 1995 மார்ச்சில், புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துட்டாங்க. வாங்கியது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம்.

மஞ்சள் மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் புதுசு இல்லை. 1815-லேயே வோகல், பெல்லட்டியே என்ற இருவர் அதன் நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் குர்குமின். 1910-ல் அதன் வேதிக் கட்டமைப்பும் தெரிஞ்சுபோச்சு. இன்னிக்கு டவுன் கடைகளில் மஞ்சள் டப்பா மேல ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று போட்டு விற்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பொருளை வெச்சுத்தான். குர்குமின் உடம்பில் லேசில் சேராது. மிளகில் உள்ள பைப்பரின் கூடச் சேர்ந்தால் நல்லா சேரும் என்று 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வு சொன்னது. நம்ம ரசத்தில் ரெண்டும் இருக்குங்க.

வழக்குக்கு வருவோம். மஷேல்கர் தலைமையில் இருந்த சி.எஸ்.ஐ.ஆர். 1996-ல் காப்புரிமையை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி மனு போட்டது. அங்கேதான் சிக்கல். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் ஒரு பழக்கம் காலங்காலமா இருந்தால் மட்டும் போதாது. அது அச்சில் வந்திருக்கணும். அதாவது, நம்ம ஆத்தா, அப்பத்தா அத்தனை பேரும் வரிசையில் நின்னு சொன்னாலும் சாட்சி செல்லாது! பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் சேர்த்து 32 ஆதாரங்கள் கொடுத்தாங்க. 1997-ல் காப்புரிமை ரத்தாச்சு.

ஆக, மஞ்சளைக் காப்பாத்தியது காகிதம். இதைப் பார்த்துத்தான் 2001-ல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கினாங்க. சித்த மருத்துவ நூல்களும் அதில் ஏறியிருக்கு.

நூலில் ஏறாதது இன்னும் நிறைய இருக்கு. விதை மஞ்சளை நிழலில் எப்படி மூடி வைக்கறது, வேகவைக்கும்போது எந்த வாசம் வந்தால் பதம், குச்சி எவ்வளவு சுலபமா இறங்கணும்... இதெல்லாம் எங்க ஊர்ப் பெரியவங்க கையிலும் மூக்கிலும்தான் இருக்கு. அவங்களோட அதுவும் போயிடும். நான் ஒவ்வொண்ணா கேட்டு, தேதி போட்டு எழுதிட்டு வர்றேன். ஊருக்கு வரும்போது நீங்களும் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வையுங்க.