மின்னஞ்சல் மென்பொருளின் கதை: எரிச்சலில் பிறந்த வசதிகள்

ஒரு மின்னஞ்சல் மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு மாறிவிடலாம். இது ஏதோ இந்தக் காலத்துப் பழக்கம் என்று நினைத்தால் தவறு. மின்னஞ்சல் பிறந்த மறு வருடமே இந்த மாற்றம் தொடங்கிவிட்டது. தினமும் யோசிக்காமல் அழுத்துகிறோமே 'பதில்' பொத்தான், அதுவும் அப்படி வந்ததுதான்.

1971ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், பிபிஎன் நிறுவனத்தில் வேலை பார்த்த ரே டாம்லின்சன், ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினிக்கு அர்பாநெட் வழியாகக் கடிதம் அனுப்பிக் காட்டினார். ஆள் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

அனுப்புவது சரி. வந்த கடிதத்தைப் படிப்பது எப்படி?

அதற்கு இருந்தது ரீட்மெயில் என்ற நிரல். அது வந்த கடிதங்களை எல்லாம் வரிசையாகக் கொட்டிவிடும். பட்டியல் கிடையாது, தேர்ந்தெடுக்க வழியும் கிடையாது. பத்தாவது கடிதம்தான் அவசரம் என்றாலும் முதல் ஒன்பதும் ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து முனையங்கள் பல, திரைக்குப் பதில் தாளில் அச்சடிப்பவை. அவ்வளவையும் அச்சடித்துத் தீர்க்கும் பொறுமை யாருக்கு இருக்கும்?

அர்பாநெட்டுக்குப் பணம் கொடுத்த ஆர்பா அமைப்பின் இயக்குநர் ஸ்டீபன் லுகாசிக்கிற்கு அது இல்லை. குவியும் கடிதங்களைச் சமாளிக்க முடியவில்லை என்று தன் கீழ் வேலை பார்த்த லாரி ராபர்ட்ஸிடம் சொன்னார். ராபர்ட்ஸ் 1972ல் டீகோ என்ற எழுத்துத் தொகுப்பியின் கட்டளைகளை வைத்தே ஆர்.டி. என்ற நிரலை எழுதினார். கடிதங்களைப் பட்டியலிடுவது, வேண்டியதை மட்டும் படிப்பது, சேமிப்பது, அழிப்பது எல்லாம் அதில் வந்தன.

ஆர்.டி.யிலும் குறை கண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. பாரி வெஸ்லர் அதைத் திருத்தி என்.ஆர்.டி. எழுதினார். மார்ட்டி யாங்கி, படிப்பதையும் அனுப்புவதையும் ஒரே நிரலில் சேர்த்தார். அது பிறகு பனானார்ட் ஆனது. அதன் தொடர்ச்சியாக 1975ல் ஜான் விட்டல் எம்.எஸ்.ஜி.யை எழுதினார். அதுவரை பதில் எழுதுபவர் முகவரியைத் தானே தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் கடிதம் போய்ச் சேராது. எம்.எஸ்.ஜி.யின் 'பதில்' கட்டளை, வந்த கடிதத்தில் இருந்தே முகவரியை எடுத்துக்கொண்டது. அர்பாநெட் முழுக்க அந்த நிரல் பரவியது. கடிதம் என்பது உரையாடலாக மாறியது அதற்குப் பிறகுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை முறை மாறியும் யாரும் பழைய கடிதங்களை இழக்க வேண்டியிருக்கவில்லை. காரணம், கடிதங்கள் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருந்தன. எந்த நிரலும் அவற்றைத் திறந்து படிக்கலாம். அனுப்புநர், தேதி, பொருள் ஆகியவற்றை எப்படி எழுத வேண்டும் என்று 1973லேயே ஒரு பொது முறை முன்வைக்கப்பட்டது. 1977ல் வந்த விரிவான வரையறையை எழுதிய நால்வரில் விட்டலும் ஒருவர். முகவரி எங்கே இருக்கும் என்பது உறுதியாக இருந்தால்தானே 'பதில்' கட்டளை ஒழுங்காக வேலை செய்யும்!

இதன் பலன் பல வருடங்கள் கழித்தும் தெரிந்தது. 1988ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதிய யூடோரா, 1990களில் லட்சக்கணக்கானவர்களின் விருப்பமாக இருந்தது. பிறகு அதை வாங்கி நடத்திய குவால்காம் 2006ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. பயனர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் அவர்கள் கடிதங்களோடு தண்டர்பேர்ட் போன்ற வேறு மென்பொருளுக்குப் போக முடிந்தது. யூடோராவும் கடிதங்களை எழுத்துக் கோப்புகளாகவே வைத்திருந்தது.

எரிச்சல் எல்லோருக்கும் வரும். கடிதங்கள் ஒரே நிரலுக்குள் பூட்டப்பட்டிருந்தால் அந்த எரிச்சலால் எந்தப் பயனும் இல்லை, சகித்துக்கொள்ள வேண்டியதுதான். கடிதம் பயனரிடமும் அதன் வடிவம் பொதுவிலும் இருந்ததால்தான் லுகாசிக்கின் எரிச்சல் ஆர்.டி. ஆனது, விட்டலின் முயற்சி 'பதில்' பொத்தானானது. புதிதாக ஒரு மென்பொருளுக்கு மாறுமுன் அதன் வசதிகளைப் பார்ப்பது வழக்கம். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி: நாளைக்கு இதுவும் பிடிக்காமல் போனால், கடிதங்களோடு வெளியே வர வழி இருக்கிறதா?