தெர்யே ரிப்டால்

தெர்யே ரிப்டால் (பிறப்பு: ஆகஸ்ட் 23, 1947, ஓஸ்லோ) நார்வே நாட்டு ஜாஸ் கிதார் கலைஞர், இசையமைப்பாளர். மின்கிதாரில் மேடையேறியவர், அதே கையால் சிம்பொனிகளும் எழுதினார். இரண்டையும் தனித்தனித் தொழிலாகப் பார்த்தால் அவர் இசை பிடிபடாது.

தந்தை யாக்கோப் ரிப்டால் இசைக்குழு நடத்துநர். மகன் ஐந்து வயதில் பியானோ கற்றார். பதின்மூன்றில் கையிலெடுத்த கிதாரைப் பெரும்பாலும் தானாகவே பழகிக்கொண்டார். 1960-களில் 'தி வேன்கார்ட்ஸ்' என்ற பாப் குழுவில் வாசித்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் வாசிப்பு அவரை ஆட்கொண்ட பிறகு 'ட்ரீம்' குழு. 1967-இல் அதன் 'கெட் ட்ரீமி' இசைத்தட்டு. அடுத்த ஆண்டே 'பிளீக் ஹவுஸ்' தனி ஆல்பமாக வந்தது.

ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் இசையியல் படித்ததோடு, ஃபின் மோர்டென்சனிடம் இசையமைப்பும் பயின்றார். அமெரிக்க ஜாஸ் மேதை ஜார்ஜ் ரஸ்ஸல் அப்போது ஸ்காண்டிநேவியாவில் இருந்தார். அவர் வகுத்த லிடியன் சுரவரிசைக் கோட்பாட்டை அவரிடமே கற்று, அவர் குழுக்களிலும் ரிப்டால் வாசித்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டியும் அவரைப் பாதித்தார்; லிகெட்டியின் ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகளில் தாளம் கரைந்து, ஒலி மேகம்போல் மெல்ல நகரும். அந்த நகர்வு ரிப்டாலை விட்டு நீங்கவே இல்லை.

1970-இல் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பாரெக்கின் நால்வர் குழு 'ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்' ஆல்பத்தை ஓஸ்லோவில் பதிவு செய்தது. ஆரில்ட் ஆண்டர்சன் பாஸ், யோன் கிறிஸ்டென்சன் டிரம்ஸ், ரிப்டால் கிதார். மான்ஃப்ரெட் ஐகர் முந்தைய ஆண்டு மியூனிக்கில் தொடங்கியிருந்த இ.சி.எம். நிறுவனம் அதை வெளியிட்டது. அரை நூற்றாண்டு நீடித்த உறவு அது.

கிதார் தந்தியை மீட்டினால் முதலில் ஒரு தட்டல், பிறகு தேய்ந்து மறையும் ஒலி. இசைக்கருவியின் இந்த இயல்பைத்தான் ரிப்டால் மாற்றினார். மீட்டும் கணத்தில் ஒலியளவுப் பெடலை மூடி வைத்து, தட்டல் கடந்ததும் மெல்லத் திறப்பார். ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பு ஒலியைத் தேயவிடாமல் தாங்கும். எதிரொலிக் கருவி அதற்குப் பின்னே வெளியை விரிக்கும். ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரிலிருந்து வருவது வில் போட்டு இழுத்த செல்லோவோ, தூரத்துக் குரலோ என்று கேட்பவர் திகைப்பார். ஜாஸ் கிதாரிஸ்டுகள் பலர் வேகத்தில் சாதித்ததை, இவர் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பதில் சாதித்தார்.

இப்படி நீளும் ஒலிக்கு ஆர்க்கெஸ்ட்ரா இயல்பான துணை. 'வெனெவர் ஐ சீம் டு பி ஃபார் அவே' (1974) ஆல்பத்தின் தலைப்புப் படைப்பில் வயலின் வரிசை, ஓபோ, கிளாரினெட் நடுவே மின்கிதார் தனித்து எழுகிறது. அவருடைய ஆகச்சிறந்த பதிவுகளில் இதற்கு முதலிடம் தரலாம். 1975-இல் வந்தது 'ஒடிசி' இரட்டை இசைத்தட்டு. அதிலிருந்த 'ரோலிங் ஸ்டோன்' என்ற நெடும்படைப்பு குறுந்தகட்டில் விடுபட்டு, 2012 மறுபதிப்பில்தான் திரும்பியது. 'ஆஃப்டர் தி ரெயின்' (1976) ஆல்பத்தில் குரலைத் தவிர எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்தார். குரல், மனைவியாக இருந்த பாடகி இங்கர் லிசே ரிப்டாலுடையது.

டென்மார்க்கின் டிரம்பெட் கலைஞர் பாலே மிக்கெல்போர்க் 'வேவ்ஸ்' (1978) முதல் நெடுங்காலத் தோழர். பாஸ் கலைஞர் மிரோஸ்லாவ் விட்டவுஸ், டிரம்மர் ஜாக் டிஜானெட் இருவருடனும் செய்த மூவர் பதிவும் அக்காலத்ததே. 1980-களில் 'சேசர்ஸ்' குழுவோடு ராக் பக்கம் திரும்பினார். அக்காலப் பதிவுகளிலிருந்து எடுத்த 'மிஸ்டரி மேன்', 'லாஸ்ட் நைட்' இரண்டும் மைக்கேல் மானின் 'ஹீட்' (1995) திரைப்படத்தில் ஒலித்து, ஜாஸ் கேட்காதவர்களையும் எட்டின.

எழுத்து வடிவ இசை இதற்கு இணையாகவே வளர்ந்தது. இரண்டு மின்கிதார்களுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமான கான்செர்ட்டோவும் ஐந்தாம் சிம்பொனியும் 2000-இல் ஒரே ஆல்பமாக வந்தன. 'லுக்ஸ் எத்தெர்னா' (2002) டிரம்பெட், சொப்ரானோ குரல், தேவாலய ஆர்கன் ஆகியவற்றை ஒன்றிணைக்கிறது. 2020-இல் சிறு குழுவோடு வெளியிட்ட 'கான்ஸ்பிரசி' சுமார் 35 நிமிடமே ஓடுகிறது; எழுபது கடந்தவரின் கிதாரில் அந்த நீண்ட சுரம் சற்றும் மெலியவில்லை.