நாட்டெருமையும் பட்டப்பின் கல்வியும்

கல்வி வரலாறு எழுதுவோர் நிறுவனங்களின் தோற்றத்தைக் கூறி அமைவர். அக்கல்வி எவ்வுயிரைப் பற்றியதோ அதனையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியத்துறை நிறுவப்படும்வரை, அதிற் பட்டம்பெற விழைந்த நம் நாட்டவர் கடல்கடந்தே செல்ல நேர்ந்தது. சென்னையில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியோ 1936இலேயே பட்டக்கல்வி நிலையை எய்தியிருந்தது. பேராதனையில் 1975இல் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் தோன்றியபின், விலங்கு விஞ்ஞானத்தில் உயராய்வு உள்நாட்டில் வேரூன்றலாயிற்று.

உள்நாட்டாய்வின் பயன் யாது? நாட்டெருமையை எடுத்துக்கொள்வோம். தோற்றத்தால் அது சேற்றெருமையை ஒத்தது. சேற்றெருமைக்கு நிறமூர்த்தங்கள் 48, ஆற்றெருமைக்கு 50. 1970களில் இலங்கையில் நிகழ்ந்த ஆய்வு, நாட்டெருமைக்கு 50 எனக் காட்டிற்று. எனவே, முரா என்னும் இந்தியப் பாலெருமையோடு கலப்பினும் 49 நிறமூர்த்தங்களுடைய கன்று பிறக்க இடமில்லை என்பது தெளிவாயிற்று.

ஆயின், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள மாத்தளை மாவட்டத்து லக்கலவில் எருமை பாலுக்கு மட்டும் உரியதன்று. வயலை மிதித்துச் சேறாக்கியும், களத்திற் சூடு மிதித்தும் உழைத்த உயிர் அது. உழவியந்திரம் அத்தொழிலைக் கவர்ந்தது. 2018இல் நிரம்பத் தொடங்கிய களுகங்கை நீர்த்தேக்கம் பழைய பல்லேகமப் பகுதியின் வயல்களை மூடிற்று, மக்கள் குடிபெயர்ந்தனர்.

மந்தையைப் பழக்கிய முறை, நோய்க்கு இட்ட மருந்து, மேய்ச்சற் பருவம் ஆகியன முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளன. நிறமூர்த்தத்தை எண்ணிய கல்வி, இவ்வறிவையும் காலம் தாழ்த்தாது ஏட்டில் ஏற்றுதல் கடனாம்.